இரண்டு மானிட்டருக்கு இரண்டு கிராபிக்ஸ் கார்டு தேவையா?

கேம்ஸ் விளையாடுவதற்காகவே கம்ப்யூட்டர் வாங்கிய வாசகர்கள் பலர் அடுத்ததாக ஆசைப்படுவது இரண்டாவது மானிட்டர். ஒன்றில் கேம் ஓடும். மற்றொன்றில் யூடியூப், வாட்ஸ் அப், கேமின் மேப் என்று எதையாவது திறந்து வைத்துக் கொள்ளலாம். நல்ல ஆசைதான். ஆனால் மானிட்டர் வந்தவுடன் ஒரு சந்தேகமும் கூடவே வருகிறது. இரண்டு மானிட்டர் என்றால் இரண்டு கிராபிக்ஸ் கார்டு வேண்டுமா?

வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார். அவரிடம் ஜிபோர்ஸ் ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டு இருக்கிறது. வீட்டில் இருந்த பழைய மானிட்டரையும் இணைக்கப் பார்த்தால் அதில் வி.ஜி.ஏ. இணைப்பு மட்டுமே உள்ளது. புதிய கார்டில் அந்த போர்ட் இல்லை. கடையில், வி.ஜி.ஏ. போர்ட் உள்ள ஜி.டி. 710 என்ற பழைய கார்டு ஒன்றைக் காட்டி, "இதையும் பக்கத்து ஸ்லாட்டில் மாட்டுங்கள், மானிட்டரும் வேலை செய்யும், கேமும் வேகமாகும்" என்றார்களாம். வாங்கலாமா என்பது கேள்வி.

இன்னும் பணம் கொடுக்கவில்லை என்றால் வாங்க வேண்டாம் என்பதே என் பதில். மானிட்டர் வேலை செய்யும் என்பது உண்மை. கேம் வேகமாகும் என்பது தவறு. அத்துடன் யாரும் சொல்லாத மூன்றாவது விஷயம் ஒன்று உண்டு. அந்தப் பழைய கார்டு, புதிய கார்டையும் பின்னுக்கு இழுத்துவிடும். எப்படி என்று பார்ப்போம்.

கார்டுகள் எதைப் பங்கிட்டுக் கொள்ளும்?

ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு வெவ்வேறு கிராபிக்ஸ் கார்டுகள் என்பது புதிய விஷயம் அல்ல. விண்டோஸ் 98 வந்தபோதே, பல கார்டுகளை மாட்டி 9 மானிட்டர்கள் வரை இணைக்கும் வசதி இருந்தது. அப்போது பெரும்பாலான மதர்போர்டுகளில் ஒரே ஒரு ஏ.ஜி.பி. ஸ்லாட்தான் இருக்கும். எனவே அதில் ஒரு கார்டு, சாதாரண பி.சி.ஐ. ஸ்லாட்டில் இன்னொரு கார்டு என்று மாட்டுவார்கள். ஒரு கார்டுக்கு ஒரு மானிட்டர் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. 1999ல் மேட்ராக்ஸ் நிறுவனத்தின் ஜி400 கார்டு, ஒரே கார்டில் இரண்டு மானிட்டர்களை இணைத்துக் காட்டியது. அதன் பின் இது எல்லாக் கார்டுகளிலும் வந்துவிட்டது. இன்று ஆர்.டி.எக்ஸ். 3060 போன்ற ஒரு கார்டில் 4 மானிட்டர்கள் வரை இணைக்கலாம். ஆனாலும் "ஒரு மானிட்டருக்கு ஒரு கார்டு" என்ற பழைய நினைப்பு மட்டும் போகவில்லை.

இரண்டு கார்டுகளை மாட்டினால், அவை மானிட்டர்களைத்தான் பங்கிட்டுக் கொள்ளும். கேமைப் பங்கிட்டுக் கொள்ளாது. ஒரு கேமின் படங்களை வரைவது ஏதாவது ஒரு கார்டு மட்டுமே. மற்றது தன்னுடன் இணைந்த மானிட்டரைக் கவனித்துக் கொண்டு சும்மா இருக்கும். கார்டில் உள்ள மெமரியும் அப்படித்தான். 12 ஜிபி கார்டும் 2 ஜிபி கார்டும் சேர்ந்து 14 ஜிபி ஆகிவிடாது.

"எஸ்.எல்.ஐ. என்று ஒன்று இருந்ததே?" என்று சிலர் கேட்பீர்கள். இருந்தது. 1998ல் வூடூ 2 கார்டுகளை இரட்டையாக இணைக்கும் வசதிக்கு இந்தப் பெயர் வந்தது. 2004ல் என்விடியா அதே பெயரில் தன் முறையைக் கொண்டு வந்தது. 2005ல் ஏ.டி.ஐ. நிறுவனம் கிராஸ்பயர் என்று தந்தது. எஸ்.எல்.ஐ. முறைக்கு இரண்டு கார்டுகளிலும் ஒரே வகை சிப் இருக்க வேண்டும். ஒன்று பழையது, ஒன்று புதியது என்று கலக்க முடியாது. அந்த முறையும் இப்போது முடிந்த கதை. 2021 ஜனவரியுடன் என்விடியா புதிய கேம்களுக்கான எஸ்.எல்.ஐ. புரொபைல்கள் தருவதை நிறுத்திவிட்டது. வீட்டு உபயோகக் கார்டுகளில் அதற்கான இணைப்பு முனை கடைசியாக ஆர்.டி.எக்ஸ். 3090, 3090 டிஐ கார்டுகளில்தான் இருந்தது.

வெவ்வேறு நிறுவனக் கார்டுகளைச் சேர்த்து ஒரே கேமை ஓட்டும் வழி, 2015ல் வந்த டைரக்ட் எக்ஸ் 12ல் உண்டு. ஆனால் கேமை எழுதுபவர்களே அதற்கென்று தனியாக உழைக்க வேண்டும். 2016ல் வந்த ஆஷஸ் ஆஃப் த சிங்குலாரிட்டி என்ற கேம் அதைச் செய்து காட்டியது. அதன் பின் அந்த வழியில் போனவர்கள் மிகக் குறைவு. இதை நம்பி ஒரு ரூபாய் கூடச் செலவழிக்க வேண்டாம்.

டிரைவர்தான் பெரிய சிக்கல்

இப்போது அந்த மூன்றாவது விஷயத்திற்கு வருவோம். கம்ப்யூட்டரில் என்விடியா கார்டுகள் எத்தனை இருந்தாலும், விண்டோஸ் அவை எல்லாவற்றுக்கும் ஒரே என்விடியா டிரைவரைத்தான் பயன்படுத்தும். எனவே இரண்டு கார்டுகளையும் அறிந்த டிரைவர் வேண்டும். பழைய கார்டுகளுக்கான ஆதரவை நிறுவனங்கள் அவ்வப்போது நிறுத்திக் கொண்டே வரும் என்பதுதான் சிக்கல்.

ஜி.டி. 710, கெப்ளர் என்ற தலைமுறையைச் சேர்ந்தது. இதற்கான கடைசி டிரைவர் 470 வரிசை. 2021ல் அதோடு கேம் மேம்பாடுகள் நின்றுவிட்டன. ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டையும் 470 வரிசைக்குத் தெரியும் என்பதால் இரண்டும் சேர்ந்து இயங்கும். ஆனால் உங்கள் 3060 கார்டும் அந்தப் பழைய டிரைவரிலேயே நின்றுவிட வேண்டியதுதான். இன்று வெளியாகும் கேம்கள் பல, இன்னும் புதிய டிரைவர் வேண்டும் என்று சொல்லும். பல ஆயிரம் கொடுத்து வாங்கிய கார்டு, சில நூறு ரூபாய்க் கார்டுக்காகத் தன் வயதைக் கூட்டிக் கொள்கிறது!

3060க்குப் பதிலாக உங்களிடம் ஆர்.டி.எக்ஸ். 4060 இருந்தால் இதுவும் இல்லை. 470 டிரைவருக்கு அந்தக் கார்டைத் தெரியவே தெரியாது. இரண்டுக்கும் பொதுவான டிரைவர் என்று ஒன்று கிடையாது.

ஜி.டி. 1030, ஜி.டி.எக்ஸ். 1050 டிஐ போன்ற பாஸ்கல் தலைமுறைக் கார்டுகள் பரவாயில்லை ரகம். இவற்றுக்கு 580 வரிசை டிரைவர் வரை ஆதரவு உண்டு, ஆர்.டி.எக்ஸ். 50 வரிசைக் கார்டுகளையும் அதே டிரைவர் அறியும். ஆனால் 2025 டிசம்பரில் வந்த 590 வரிசையில் பாஸ்கல் விடுபட்டுவிட்டது. ஆக, இன்று சேர்த்து மாட்டினாலும் டிரைவர் 580க்கு மேல் போகாது. ரேடியான் கார்டுகளிலும் இந்தச் சங்கடம் உண்டு. எச்.டி. 7000 வரிசை, ஆர்9 300 வரிசை போன்றவற்றுக்கான ஆதரவை ஏ.எம்.டி. 2021 ஜூனில் நிறுத்தியது.

ஒரு ஜிபோர்ஸ், ஒரு ரேடியான் என்று வெவ்வேறு நிறுவனக் கார்டுகள் என்றால்? விண்டோஸ் விஸ்டாவில் இது முடியாமல் இருந்தது. எல்லாக் கார்டுகளுக்கும் ஒரே டிரைவர் இருக்க வேண்டும் என்பது விதி. 2009ல் வந்த விண்டோஸ் 7 அந்த விதியைத் தளர்த்தியது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இரண்டு நிறுவன டிரைவர்களும் தனித்தனியே இருந்து கொள்ளும். வேடிக்கை என்னவென்றால், ஒரே நிறுவனத்தின் பழைய கார்டையும் புதிய கார்டையும் சேர்ப்பதை விட, இரண்டு போட்டி நிறுவனங்களின் கார்டுகளைச் சேர்ப்பது பல நேரங்களில் எளிது.

முதலில் போர்ட்டுகளை எண்ணுங்கள்

கம்ப்யூட்டரின் பின்புறம் பாருங்கள். கிராபிக்ஸ் கார்டில் எச்.டி.எம்.ஐ., டிஸ்ப்ளே போர்ட் என்று எத்தனை முனைகள் காலியாக இருக்கின்றன? ஒன்று காலியாக இருந்தாலே இரண்டாவது மானிட்டருக்குப் போதும். ஒரு கேபிள் வாங்கினால் வேலை முடிந்தது.

மானிட்டரில் வி.ஜி.ஏ. மட்டும்தான் என்றால், டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்து வி.ஜி.ஏ.வுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் கிடைக்கிறது. இதன் விலை சில நூறு ரூபாய்தான். கடையில் கேட்கும்போது திசையைச் சரியாகச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் பக்கம் டிஸ்ப்ளே போர்ட், மானிட்டர் பக்கம் வி.ஜி.ஏ. இவை ஒரு வழிப் பாதைகள். தலைகீழாக மாட்டி வேலை வாங்க முடியாது. நம் வாசகருக்குத் தேவையானது இந்தச் சிறிய பொருள்தான்.

உங்களிடமே இன்னொரு கார்டு இருக்கலாம்

பலருக்குத் தெரியாத ஒன்று: உங்கள் ப்ராசசருக்குள்ளேயே ஒரு கிராபிக்ஸ் சிப் இருக்கலாம். இன்டெல் ப்ராசசரின் பெயர் F என்ற எழுத்தில் முடியவில்லை என்றால் பெரும்பாலும் இருக்கும். ஏ.எம்.டி.யின் டெஸ்க்டாப் ரைசன் 7000 வரிசையில், 7500F போன்ற சிலவற்றைத் தவிர்த்து, சிறிய அளவில் ஒன்று உண்டு. ரைசன் 5000 வரிசையில் பெயரில் G என்ற எழுத்து உள்ளவற்றில் மட்டுமே உண்டு. மதர்போர்டின் பின்னால் உள்ள எச்.டி.எம்.ஐ. அல்லது வி.ஜி.ஏ. போர்ட் இந்தச் சிப்புக்கானது. இதுவும் ஒரு இரண்டாவது கார்டுதான். செலவு இல்லை, ஸ்லாட் வேண்டாம், தனி கரண்ட் இணைப்பும் வேண்டாம். நான் என் கம்ப்யூட்டரில் இரண்டாவது மானிட்டரை இப்படித்தான் வைத்திருக்கிறேன்.

தனி கார்டு மாட்டியவுடன் பல மதர்போர்டுகள் இந்தச் சிப்பை நிறுத்தி வைத்துவிடும். பயாஸ் செட்டிங்ஸ் சென்று இயக்க வேண்டும். அசூஸ் போர்டுகளில் ஐ.ஜி.பி.யு. மல்டி மானிட்டர் என்றும், எம்.எஸ்.ஐ. போர்டுகளில் ஐ.ஜி.டி. மல்டி மானிட்டர் என்றும், ஜிகாபைட் போர்டுகளில் இன்டர்னல் கிராபிக்ஸ் என்றும் இது இருக்கும். எனேபிள் செய்து சேமித்து வெளியேறினால் போதும்.

இதில் உண்மையான பலன் ஒன்றும் உண்டு. 144 ஹெர்ட்ஸ் மானிட்டரையும் 60 ஹெர்ட்ஸ் மானிட்டரையும் ஒரே கார்டில் இணைத்தால், சில கார்டுகளில் எந்த வேலையும் செய்யாதபோதும் மெமரியின் வேகம் குறையாமல், சூடும் மின்செலவும் கூடும். இரண்டாவது மானிட்டரை ப்ராசசரின் சிப்புக்கு மாற்றினால் இது சரியாகிறது. கேம் நடக்கும்போது பக்கத்து மானிட்டரில் வீடியோ ஓடினால் கேம் தடுமாறும் என்ற புகாருக்காகவும் முன்பு பலர் இந்த வழியைப் பின்பற்றினார்கள். அந்தப் புகார் 2020 மே மாதம் வந்த விண்டோஸ் 10 பதிப்பு 2004ல் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது.

கார்டு மாட்டித்தான் ஆக வேண்டும் என்றால்

நான்குக்கு மேல் மானிட்டர்கள், அல்லது ப்ராசசரில் சிப்பும் இல்லை கார்டில் போர்ட்டும் இல்லை என்ற நிலை. அப்போது இரண்டாவது கார்டு சரி. மூடியைத் திறப்பதற்கு முன் பவர் சப்ளையைப் பாருங்கள். ஒரு பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட்ஸ் தரும். ஜி.டி. 1030 கார்டுக்கு 30 வாட்ஸ்தான் தேவை, ஸ்லாட்டே கொடுத்துவிடும். 1050 டிஐ 75 வாட்ஸ். ஆனால் பழைய ஆர்.எக்ஸ். 580 கார்டு கிடைத்தது என்று மாட்டினால் அது 185 வாட்ஸ் கேட்கும். பவர் சப்ளையிலிருந்து தனி கேபிளும் வேண்டும். கேபினெட்டுடன் சேர்த்துக் கொடுத்த மலிவான எஸ்.எம்.பி.எஸ். என்றால் இந்தச் சோதனை வேண்டாம். லேபிளில் 450 வாட்ஸ் என்று அச்சிட்டிருப்பதால் மட்டும் அது 450 வாட்ஸ் தந்துவிடாது. பளு தாங்காத எஸ்.எம்.பி.எஸ். போகும்போது மதர்போர்டையும் கார்டையும் சேர்த்துக் கொண்டு போகலாம். ஸ்லாட்டில் உள்ள பின்னுக்குப் பின்னை ஒட்டுக் கேபிளால் இணைத்துச் சமாளிப்பதும் கூடாது.

முக்கியக் கார்டு எப்போதும் ப்ராசசருக்கு அருகிலுள்ள மேல் ஸ்லாட்டில் இருக்கட்டும். கீழே உள்ள நீள ஸ்லாட் பார்ப்பதற்கு அதே போல இருந்தாலும், பல போர்டுகளில் அதில் 4 லேன்கள் மட்டுமே இணைக்கப்பட்டிருக்கும். சில போர்டுகளில் இந்த ஸ்லாட்டில் கார்டு மாட்டினால் ஒரு எம்.2 எஸ்.எஸ்.டி. வேலை செய்யாமல் போகும். மதர்போர்டு கையேட்டில் இந்த விவரம் இருக்கும், பார்த்துக் கொள்ளுங்கள். இரண்டு கார்டுகளும் ஒட்டிக் கொண்டு நின்றால் மேல் கார்டின் விசிறிக்குக் காற்று கிடைக்காது. நம் ஊர் வெயிலில் இது சிறிய விஷயம் அல்ல.

எந்த மானிட்டர் எந்தக் கார்டில்?

விதி ஒன்றுதான். கேம் ஆடும் மானிட்டர், கேமை வரையும் கார்டில் நேரடியாக இருக்க வேண்டும். மாற்றி மாட்டினால் என்ன ஆகும்? சக்தி வாய்ந்த கார்டு படத்தை வரையும். பிறகு அதைப் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் வழியாக அடுத்த கார்டுக்கு அனுப்பும். அது மானிட்டருக்கு அனுப்பும். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1920 x 1080 படம் ஒன்றில் சுமார் 20 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒரு படம் ஏறத்தாழ 8.3 எம்பி. நொடிக்கு 60 படம் என்றால் சுமார் 500 எம்பி. 144 படம் என்றால் 1.2 ஜிபி. 4கே திரையில் 144 படம் என்றால் சுமார் 4.8 ஜிபி. பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் 3.0 ஸ்லாட்டில் 4 லேன்கள் கொண்டு செல்லக் கூடியதோ நொடிக்கு 4 ஜிபிக்கும் சற்றுக் குறைவு. அதாவது சாதாரணத் திரையில் தப்பிக்கலாம். பெரிய திரையில் வழியே அடைத்துக் கொள்ளும். தப்பித்தாலும் ஒவ்வொரு படமும் சிறிது தாமதமாகவே வரும். ஜி-சிங்க், ஃப்ரீ சிங்க் போன்ற வசதிகளிலும் சிக்கல் வரலாம்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் விலை உயர்ந்த கார்டை வைத்துக் கொண்டு, மானிட்டர் கேபிளை மட்டும் மதர்போர்டு போர்ட்டில் செருகி விளையாடுவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். இன்றே ஒரு முறை உங்கள் கேபிளைப் பார்த்துவிடுங்கள்.

இனி செட்டிங்ஸ். விண்டோஸ் 11ல் டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து டிஸ்ப்ளே செட்டிங்ஸ் செல்லுங்கள். ஐடென்டிஃபை என்பதை அழுத்தினால் மானிட்டர்களில் 1, 2 என்ற எண்கள் தெரியும். எக்ஸ்டெண்ட் தீஸ் டிஸ்ப்ளேஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கேம் ஆடும் மானிட்டரைக் கிளிக் செய்து, மல்டிபிள் டிஸ்ப்ளேஸ் பகுதியில் மேக் திஸ் மை மெயின் டிஸ்ப்ளே என்பதில் டிக் செய்யுங்கள். அடுத்து அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே சென்றால், அந்த மானிட்டர் எந்தக் கார்டில் இணைந்திருக்கிறது என்று பெயருடன் காட்டும். ரெப்ரெஷ் ரேட்டையும் அங்கேயே சரிபாருங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் 60ல் ஓடிக் கொண்டிருப்பது அடிக்கடி நடப்பது.

பிறகு டிஸ்ப்ளே பக்கத்தில் கிராபிக்ஸ் என்ற பிரிவைத் திறந்து, உங்கள் கேமைச் சேர்த்து, ஹை பெர்பார்மன்ஸ் என்று கொடுங்கள். பிரவுசரையும் சேர்த்து பவர் சேவிங் என்று கொடுத்தால் அது சிறிய சிப்பில் ஓடும். சரியாக அமைந்ததா என்று அறிய, கேம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து ப்ராசசஸ் டேபில் ஜி.பி.யு. இன்ஜின் என்ற பத்தியைப் பாருங்கள். கேமுக்கு நேராக ஜி.பி.யு. 0 அல்லது 1 என்று இருக்கும். எந்த எண் எந்தக் கார்டு என்பதைப் பெர்பார்மன்ஸ் டேபில் காணலாம்.

இரண்டாவது கார்டு கேமுக்கு உதவும் சில இடங்கள்

அப்படியும் சில விதிவிலக்குகள் உண்டு. மிரர்ஸ் எட்ஜ், பார்டர்லேண்ட்ஸ் 2 போன்ற கேம்களில் புகை, துணி, சிதறல் ஆகியவற்றைக் கணக்கிடும் பிசிக்ஸ் என்ற என்விடியா வசதி உண்டு. 2025ல் வந்த ஆர்.டி.எக்ஸ். 50 வரிசை, இதன் 32 பிட் வகைக்கான ஆதரவைக் கைவிட்டது. உடனே பலர் பழைய ஜிபோர்ஸ் கார்டு ஒன்றைப் பிசிக்ஸ் வேலைக்காக மட்டும் கூடவே மாட்டிக் கொண்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் குறிப்பிட்ட சில கேம்களுக்கு மட்டும் ஆதரவு திரும்பி வந்தது.

லாஸ்லெஸ் ஸ்கேலிங் என்ற புரோகிராம் இன்னொன்று. கேம் வரைந்த இரண்டு படங்களுக்கு நடுவே இது கூடுதல் படங்களை உருவாக்கிச் சேர்க்கும். இந்த வேலையை இரண்டாவது கார்டுக்குக் கொடுக்கலாம். வினோதம் என்னவென்றால், மேலே சொன்ன விதி இங்கே தலைகீழாகிறது. மானிட்டரை இரண்டாவது கார்டில்தான் இணைக்க வேண்டும், ஏனெனில் கடைசியாகப் படத்தைத் தொடுவது அதுதான். பார்ப்பதற்குச் சீராக இருக்கும். ஆனால் மவுஸ் அசைவுக்குக் கேம் பதில் தரும் வேகம் இதனால் கூடாது. புதியவர்கள் இதில் இறங்க அவசரப்பட வேண்டியதில்லை.

ஒரே கேமை இரண்டு மானிட்டர்களிலும் பரப்பி ஆட நினைப்பவர்கள் கவனிக்க: இரண்டு திரைகளின் விளிம்பு, சரியாக நடுவில், நீங்கள் குறி பார்க்கும் இடத்தில் வந்து நிற்கும். அதனால்தான் இதற்கு மூன்று மானிட்டர் என்பார்கள். 2007ல் வந்த சுப்ரீம் கமாண்டர் போல, இரண்டாவது திரையில் மேப்பைத் தனியாகக் காட்டும் கேம்கள் இரண்டு மானிட்டருக்குப் பொருத்தமானவை. இவற்றுக்கு இரண்டு மானிட்டர்களையும் ஒரே கார்டில் இணைப்பதே நல்லது.

இவ்வளவுக்குப் பின்னும் பழைய கார்டு வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், ரிச்சி தெருவோ உங்கள் ஊர்க் கடையோ, கார்டைக் கம்ப்யூட்டரில் மாட்டி, மானிட்டரில் படம் வருவதையும் விசிறி சுற்றுவதையும் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் நின்ற பின், இரவு பகலாக ஓடிய கார்டுகள் ஏராளமாகப் பழைய சந்தைக்கு வந்தன. கார்டின் முழுப் பெயரைக் குறித்துக் கொண்டு, அதற்கான கடைசி டிரைவர் எண் என்ன என்பதை என்விடியா அல்லது ஏ.எம்.டி. தளத்தில் பாருங்கள். அந்த எண்ணுக்குரிய டிரைவரின் ஆதரவுப் பட்டியலில் உங்கள் இப்போதைய கார்டின் பெயரும் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லை என்றால் கடையிலிருந்தே திரும்பிவிடலாம்.